ஆங்கில வகுப்புக்குக் கொடுத்த காசும் ஆய்வேட்டால் இழந்த காலமும்

க.பொ.த. உயர்தரப் பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளியும் வெளியாகி, பல்கலைக்கழக அழைப்புக் கடிதத்துக்காக மாதக்கணக்கில் வீட்டிலிருக்கும் பிள்ளைகள் நெடுங்கேணியிலும் ஒட்டுசுட்டானிலும் மாங்குளத்திலும் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். இந்த இடைவெளியில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் அவர்களில் பெரும்பாலானோர் "இங்கிலிஷ் கிளாசுக்குப் போறம்" என்றுதான் சொல்வார்கள். நானும் அதைத்தான் செய்தேன். அந்த வகுப்புக்கும் அதன் பின்னர் வேறு பலவற்றுக்கும் எங்கள் வீடு செலவழித்த பணத்தையும், என் பட்டம் ஏறக்குறைய ஓர் ஆண்டு பிந்தியதையும், அதனால் கைநழுவிய ஒரு வேலையையும் ஒழுங்காக எழுதிவைக்க விரும்புகிறேன். பல்கலைக்கழகத்தில் வாசிப்பதும் எழுதுவதும் ஆங்கில அறிவுக்கு அப்பால் தனியாகப் பழகவேண்டிய ஒரு வேலை என்பதையும், அதைப் பழகத் தொடங்குவதற்கு ஆங்கிலத்தில் புலமை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்பதையும் எனக்கு எவரும் முன்கூட்டியே சொல்லவில்லை.

நெடுங்கேணிப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. 2009இல் செட்டிகுளத்து மெனிக்பாம் முகாமில் இருந்தபோது எனக்குப் பத்து வயது. தறப்பாளின் கீழ் நடந்த வகுப்புகளில் பாடப்புத்தகம் ஒன்றை முழுதாக என் கையில் வைத்திருந்த நினைவு இல்லை. மீளக் குடியமர்ந்த பிறகும் பாடசாலை நூலகம் என்பது எங்களுக்குப் பூட்டிய அலுமாரியாகவே இருந்தது. ஆசிரியர் குறிப்புச் சொல்வார், நாங்கள் எழுதுவோம், இரவில் மனனம் செய்வோம், பரீட்சை நெருங்கும்போது கடந்தகால வினாத்தாள்களைச் செய்து புள்ளித் திட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். விடை புள்ளித் திட்டத்திலுள்ள வசனத்தை எவ்வளவு ஒத்திருக்கிறதோ அவ்வளவுக்குப் புள்ளி கிடைத்தது. இந்த முறையை நான் இழிவாகச் சொல்லவில்லை. வளம் குறைந்த பாடசாலையிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போகும் பாதை எங்களுக்கு அது ஒன்றாகத்தான் இருந்தது. ஆனால் பதின்மூன்று ஆண்டுகளாகப் பாராட்டப்பட்ட அதே பழக்கம் பல்கலைக்கழகத்தில் ஒழுக்கக் குற்றமாகக் கருதப்படும் என்பதை வாசலில் நின்று சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

எனக்கு ஊரிலிருந்து வெகு தொலைவிலிருந்த ஒரு பல்கலைக்கழகத்தில் சுற்றாடல் சார்ந்த விஞ்ஞானப் பட்டப்படிப்பு கிடைத்தது. விரிவுரைகள் ஆங்கிலத்தில் நடந்தன. முதலாவது தவணையிலேயே விரிவுரையாளர் ஓர் ஆய்வுக் கட்டுரையைத் தந்து, அடுத்த வாரம் அதைப் பற்றிப் பேசுவோம் என்றார். நான் முதற்பக்கத்தின் முதற்சொல்லிலிருந்து தொடங்கி, தொலைபேசி அகராதியில் ஒவ்வொரு சொல்லாகத் தேடி, தமிழ்க் கருத்தைப் பென்சிலால் மேலே எழுதிக்கொண்டு போனேன். விடுதியில் மற்றவர்கள் விளக்கை அணைக்கச் சொல்லும் நேரத்தில் இரண்டாம் பக்கத்தின் நடுப்பகுதிக்குத்தான் வந்திருந்தேன். எல்லாச் சொல்லின் பொருளும் தாளில் இருந்தது. கட்டுரையாசிரியர் என்ன சொல்கிறார் என்பது மட்டும் தெரியவில்லை. வகுப்பில் கொழும்புப் பிள்ளைகள் சரளமாகப் பேசியபோது, அவர்கள் எல்லாவற்றையும் விளங்கிக்கொண்டுவிட்டார்கள் என்றும் நான் தவறான இடத்துக்கு வந்துவிட்டேன் என்றும் நம்பினேன். அவர்களிலும் பலர் சுருக்கத்துக்கு மேல் எதையும் வாசித்திருக்கவில்லை என்பது எனக்கு மூன்றாம் ஆண்டில்தான் தெரியவந்தது. அந்த இடைப்பட்ட காலம் முழுவதும் ஒரு கேள்விகூடக் கேட்காமல் பின்வரிசையில் இருந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு ஆற்றாமை வருகிறது.

பிறகு கொரோனா வந்து எல்லோரும் வீட்டுக்கு அனுப்பப்பட்டோம். விரிவுரை கேட்பதற்குக் குளக்கட்டில் ஏறி நிற்கவேண்டியிருந்தது. அங்கேதான் தொலைபேசிக்குச் சிக்னல் கிடைத்தது. இக்காலத்தில்தான் பணம் கரையத் தொடங்கியது. ஊரிலிருந்தே இணையவழி ஆங்கில வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். திரும்பிப் போனதும் நகரத்தில் பேச்சு ஆங்கில வகுப்பு, அதன் பின்னர் இலக்கணத்துக்கென்று இன்னொரு வகுப்பு. அம்மா உழுந்து விற்ற காசும், பின்னர் அடகுக்குப் போன அவருடைய சங்கிலியும் இவற்றுக்குள் போயின. தன்னை அறிமுகம் செய்வது, தொலைபேசியில் பேசுவது, கடையில் பொருள் கேட்பது என்று அந்த வகுப்புகள் சொல்லித்தந்தவை நேர்முகத் தேர்வுகளில் எனக்கு உதவின. அவற்றை வீண் என்று சொல்லமாட்டேன். ஆனால் கட்டுரையின் ஒரு பக்கத்தை வாசிக்க எனக்கு எடுத்த நேரம் அவற்றால் குறையவில்லை. எந்த வகுப்பிலும் ஓர் ஆய்வுக் கட்டுரையின் ஒரு பந்தியைக்கூட நாங்கள் சேர்ந்து வாசித்ததில்லை. பேச்சு ஆங்கிலத்தை நான் பழித்துச் சொல்வதாக எண்ணவேண்டாம். எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்கவேண்டும் என்பதே நான் சொல்ல வருவது.

வாசிப்பில் முதல் திருப்பம் நூலகத்தில் நேர்ந்தது. நான் ஒரே கட்டுரையோடு நாட்கணக்கில் இருந்ததைக் கவனித்த நூலக உதவியாளர் ஒருவர் அருகில் வந்து, "தங்கச்சி, இதை ஏன் கதைப்புத்தகம் மாதிரி முதலிலயிருந்து வாசிக்கிறீங்கள்? படங்களையும் அட்டவணையையும் முதல்ல பாருங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதைப் பற்றித் தேடியபோது, கணினி அறிவியலாளர் எஸ். கேஷவ் 2007இல் விவரித்த ஒரு முறை கிடைத்தது: ஒரு கட்டுரையை ஒரே மூச்சில் வாசிக்காமல் மூன்று சுற்றுகளாக வாசிப்பது. முதற்சுற்றில் தலைப்பு, சுருக்கம், அறிமுகம், உபதலைப்புகள், முடிவுரை ஆகியவற்றை ஐந்து முதல் பத்து நிமிடத்தில் பார்த்து, இது எனக்கு வேண்டியதா என்று தீர்மானிக்கவேண்டும். இரண்டாம் சுற்றில் வரைபடங்களையும் அட்டவணைகளையும் கவனித்து, நுணுக்கங்களைத் தவிர்த்து, வாதத்தைப் பிடிக்கவேண்டும். மூன்றாம் சுற்று, அந்த ஆய்வை நாமே மீண்டும் செய்வதாக எண்ணிக்கொண்டு வரிக்கு வரி சோதிப்பது. மூன்றாம் சுற்றுவரை போகவேண்டிய கட்டுரைகள் ஒரு பாடத்துக்கு ஒன்றிரண்டுதான் இருக்கும். நான் அதுவரை எல்லாக் கட்டுரைகளையும் மூன்றாம் சுற்றில் தொடங்கியிருக்கிறேன்.

விஞ்ஞானக் கட்டுரைகளில் பெரும்பாலானவை அறிமுகம், முறையியல், பெறுபேறுகள், கலந்துரையாடல் என்ற ஒழுங்கில் எழுதப்படுகின்றன. இந்த ஒழுங்கு தெரிந்த பின்னர் எதை எங்கே தேடவேண்டும் என்பது தெரிந்துவிடும். ஆய்வின் நோக்கம் அநேகமாக அறிமுகத்தின் கடைசிப் பந்தியில் இருக்கும். கலந்துரையாடலின் முதற்பந்தி முக்கியமான கண்டுபிடிப்பைச் சொல்லும். அதன் இறுதிப் பகுதி ஆய்வின் குறைபாடுகளைச் சொல்லும். இவற்றை மட்டும் நிதானமாக வாசித்து, அகராதியை இரண்டாம் சுற்றுவரை திறக்காமல் விட்டபோது, ஓர் இரவில் இரண்டாம் பக்கத்தைத் தாண்டாதிருந்த நான் ஒரு மாலையில் மூன்று கட்டுரைகளின் சாரத்தை அறியத் தொடங்கினேன். என் ஆங்கிலம் அந்த மாலையில் சற்றும் கூடியிருக்கவில்லை.

சொற்களைப் பற்றியும் சொல்லவேண்டும். துறைச் சொற்கள் எனக்குப் பெரிய தடையாக இருக்கவில்லை. உயர்தரத்தில் தமிழில் படித்த கருத்துகள்தான் அவை, பெயர் மட்டுமே புதிது. எல்லாத் துறைக் கட்டுரைகளிலும் திரும்பத் திரும்ப வரும் பொதுவான கல்விசார் சொற்களே என்னைத் தடுத்தன. நியூசிலாந்தைச் சேர்ந்த மொழியியலாளர் ஆவ்ரில் கொக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டில் அத்தகைய 570 சொற்குடும்பங்களை, அதாவது ஒரே அடிச்சொல்லிலிருந்து வரும் சொற்களின் கூட்டங்களை, பட்டியலிட்டார். கல்விசார் நூல்களில் வரும் சொற்களில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இந்தப் பட்டியலுக்குள் அடங்கிவிடுகிறது. பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அது பத்துத் துணைப்பட்டியல்களாக, அதிகம் வருபவை முதலில் இருக்கும்படி பிரிக்கப்பட்டுள்ளது. முதலிரண்டு துணைப்பட்டியல்களைக் காத்திருப்புக் காலத்திலேயே படித்துவிடலாம். தனிச்சொல்லாக மனனம் செய்தால் மறந்துபோகும். ஒவ்வொரு சொல்லையும் நீங்கள் வாசித்த ஒரு வசனத்தோடு சேர்த்துக் கொப்பியில் எழுதுங்கள்.

கேள்வியோடு வாசிப்பது என்றால் என்ன என்பதை என் ஆய்வுத் தலைப்பே எனக்குக் கற்பித்தது. இறுதியாண்டு ஆய்வேட்டுக்கு எங்கள் பக்கத்துக் கிணறுகளின் நீரை எடுத்துக்கொண்டேன். காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் 1990களில் வடமத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்தது. வவுனியா மாவட்டத்திலும் அந்த நோயாளர்கள் இருக்கிறார்கள். குடிநீரிலுள்ள புளோரைட், நீரின் வன்மை, விவசாய இரசாயனங்கள், வெயிலில் உழைப்போரின் உடல் நீர் வற்றுதல் என்று பல கருதுகோள்கள் முன்வைக்கப்பட்டிருக்கின்றன. ஆய்வாளர்களிடையே முடிந்த முடிவு இல்லை. பாடசாலைப் பழக்கத்தோடு வாசித்தபோது ஒரு கட்டுரை புளோரைட்டைக் குற்றம் சொல்ல, அடுத்தது அதை மறுக்க, சரியான விடை எந்தக் கட்டுரையில் இருக்கிறது என்று தேடிக் களைத்துப்போனேன். பிறகுதான் விளங்கியது, ஒவ்வொரு கட்டுரையும் எதை அளந்தது, எப்போது அளந்தது, எந்த அளவுகோலை வைத்துத் தீர்ப்புச் சொன்னது என்று கேட்கவேண்டும் என்பது. குடிநீரில் புளோரைட்டுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுப் பெறுமானம் லீற்றருக்கு 1.5 மில்லிகிராம், இலங்கையின் எஸ்எல்எஸ் 614 தரநிலையின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பில் அது 1.0 மில்லிகிராம். 1.2 மில்லிகிராம் உள்ள ஒரே கிணறு ஒரு கட்டுரையில் பாதுகாப்பானதாகவும் இன்னொன்றில் வரம்பு மீறியதாகவும் இருக்கும். இரண்டும் பொய் இல்லை. ஒருவர் வரட்சிக் காலத்திலும் மற்றவர் மாரிமழைக்குப் பின்னரும் மாதிரி எடுத்திருந்தால் எண்களே வேறுபடும். இந்த வேறுபாடுகளைக் கண்டு எழுதுவதைத்தான் இலக்கிய மீளாய்வு என்கிறார்கள். முன்னர் நான் அதைக் கட்டுரைகளின் சுருக்கங்களை வரிசையாக அடுக்குவது என்று எண்ணியிருந்தேன்.

ஆனால் வாசிப்பு சீராகிய அளவுக்கு எழுத்து சீராகவில்லை. என் பெரிய இழப்பு அங்கேதான் வந்தது. நீர் மாதிரிகளைச் சேர்த்து ஆய்வுகூட வேலையை உரிய காலத்தில் முடித்தேன். எழுதும் கட்டம் வந்தபோது, முறையியலையும் பெறுபேறுகளையும் நானே ஆங்கிலத்தில் எழுதினேன், அவை எளிதானவை. அறிமுகத்தையும் மீளாய்வையும் கட்டுரைகளைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வசனத்திலும் சில சொற்களை ஒத்த சொற்களால் மாற்றி, முடிவில் ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் போட்டு எழுதினேன். மூலத்தைக் குறிப்பிட்டால் போதும் என்பதே சீனியர்கள் எங்களுக்குச் சொல்லியிருந்தது. கலந்துரையாடலைத் தமிழில் எழுதி, நகரில் பக்கக் கணக்கில் மொழிபெயர்த்துத் தருபவர் ஒருவரிடம் கொடுத்தேன். அவர் ஆய்வு எழுத்து அறியாதவர். "தொடர்பு இருக்கக்கூடும் என்று இத்தரவுகள் சுட்டுகின்றன" என்று நான் எழுதியிருந்த இடங்களில் எல்லாம் அவருடைய ஆங்கிலம் புளோரைட்தான் நோய்க்குக் காரணம் என்று அடித்துச் சொன்னது. பல்கலைக்கழகத்தின் இறுதித் திகதி நெருங்கியிருந்தது. அந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு எனக்கு அப்போது ஆங்கிலத்தில் நுண்மை இல்லை.

ஆய்வேடு திரும்பி வந்தது. ஓர் எழுத்து வேறு ஆவணங்களோடு எங்கே ஒத்திருக்கிறது என்று மென்பொருள் காட்டும் ஒப்புமை அறிக்கையில், அறிமுகமும் மீளாய்வும் ஏறத்தாழ முழுதாக நிறமிடப்பட்டிருந்தன. கலந்துரையாடலில் சோதனையாளர் ஒவ்வொரு பக்கத்திலும் "இதற்கு உமது தரவில் ஆதாரம் எங்கே?" என்ற பொருளில் எழுதியிருந்தார். மேற்பார்வையாளர் என்னைக் கூப்பிட்டு, "பிள்ளை, தரவு நல்லாயிருக்கு. ஆனா இதில உங்கட குரல் ஒரு இடத்திலயும் இல்லை" என்றார். திருட்டு என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. அறிக்கையைப் பார்த்த மற்றவர்கள் சொன்னார்கள். மூலத்தின் பெயரை ஒவ்வொரு வசனத்துக்கும் போட்டிருந்த என்னை அந்தச் சொல் எவ்வளவு வதைத்தது என்பதை எழுத முடியவில்லை. அம்மாவிடம் பல்கலைக்கழகத்தில் ஏதோ தாமதம் என்று மட்டும் சொல்லி, கனநாட்கள் உண்மையை மறைத்தேன். என் பட்ச் பட்டமளிப்புக்குப் போனது. நான் வெளியில் அறை எடுத்துத் தங்கி எழுதினேன். 2022 நெருக்கடிக்குப் பிறகு அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் இருந்த நிலையில், அந்த மேலதிக மாதங்கள் மட்டுமே எண்பதாயிரம் ரூபாய்க்கு மேல் விழுங்கின. மொழிபெயர்ப்புக்கும் தட்டச்சுக்கும் மறு அச்சுக்கும் புத்தகமாகக் கட்டுவதற்கும் முப்பதாயிரத்துக்குச் சற்றுக் கூட. ஆங்கில வகுப்புகளுக்கு நான்கு ஆண்டுகளில் நாற்பதாயிரத்துக்குக் குறையாது. நீர் சம்பந்தமான திட்டமொன்றில் வவுனியாவில் ஒரு கள உதவியாளர் வேலைக்கு என்னை அழைத்திருந்தார்கள். பட்டப் பெறுபேற்றுச் சான்றிதழ் இல்லாததால் அது வேறொருவருக்குப் போனது. அந்தச் சம்பளத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

இந்த இடத்தில் ஒப்புமை அறிக்கை பற்றிச் சிலவற்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும், ஏனெனில் பிள்ளைகள் அதைப் பேயைப் போல அஞ்சுகிறார்கள். டேர்னிட்டின் போன்ற மென்பொருள்கள் அந்த அறிக்கையில், உங்கள் எழுத்தில் எந்தச் சொற்கோவைகள் தங்கள் தரவுத்தளத்திலுள்ள ஆவணங்களோடு ஒத்துப்போகின்றன என்பதை மட்டுமே காட்டுகின்றன. திருட்டா இல்லையா என்பதை மனிதர்தான் தீர்மானிக்கிறார். உசாத்துணைப் பட்டியலும் மேற்கோள்களும்கூட ஒப்புமையாகக் காட்டப்படலாம். அவற்றை விலக்கிக் கணக்கிடும் வசதி அந்த மென்பொருளிலேயே இருக்கிறது. ஆகவே மொத்த விழுக்காட்டைப் பார்த்து மகிழவோ அழவோ வேண்டாம். எந்தப் பந்தி, எந்த மூலம் என்று பாருங்கள். வெளியில் காசு கொடுத்து "விழுக்காட்டைக் குறைத்துத் தருகிறோம்" என்பவர்களிடம் போகவேண்டாம். அவர்கள் சொற்களை மாற்றுவார்கள். வசனத்தின் எலும்பு மூலத்தினுடையதாகவே இருக்கும், பொருள் மட்டும் கெட்டுப்போகும். நான் செய்தது போன்ற ஒட்டுவேலை எழுத்தை ரெபேக்கா மூர் ஹவார்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1990களில் ஆராய்ந்து, அது பெரும்பாலும் புதிய துறையொன்றின் மொழிக்குள் நுழைபவர் கடந்துபோகும் ஒரு கட்டம் என்று வாதிட்டார். இதை நான் முதலில் அறிந்திருந்தால் என்னைப் பற்றி நானே எண்ணியவற்றில் பாதியை எண்ணியிருக்கமாட்டேன். அதற்காக விதி மாறிவிடாது. அப்படியே சமர்ப்பித்தால் திரும்பி வரும்.

திருத்தி எழுதிய மாதங்களில் நான் தனியாகக் கண்டுபிடித்த முறையை விரிவாகச் சொல்கிறேன். ஒரு கட்டுரையை இரண்டாம் சுற்று வாசித்ததும் அதை மூடிவைத்தேன். மூடிய பிறகு ஒரு தாளில் தமிழில் எழுதினேன்: இவர் என்ன கேட்டார், எதைக் கொண்டு கேட்டார், என்ன கண்டார், எதை நான் ஏற்கத் தயங்குகிறேன், என் கிணறுகளுக்கு இது எதைச் சொல்கிறது. தமிழில் எழுத முடியாமல் போனால் எனக்கு விளங்கவில்லை என்று பொருள். மீண்டும் திறந்து வாசித்தேன். எழுத முடிந்தால் அந்தத் தமிழ்க் குறிப்பிலிருந்து, மூலத்தைப் பார்க்காமல், குறுகிய ஆங்கில வசனங்களாக எழுதினேன். கடைசியில்தான் மூலத்தைத் திறந்து எண்களும் பெயர்களும் சரியா என்று ஒப்பிட்டேன். தமிழ் நடுவில் நின்றதால் மூலத்தின் வசன அமைப்பு என் தாளுக்கு வர வழியே இருக்கவில்லை. என் ஆங்கிலம் எளிமையாக இருந்தது, இலக்கணப் பிழைகளும் இருந்தன. ஆனால் மேற்பார்வையாளர் அந்தப் பிழைகளை ஒரு மாலையில் சிவப்புப் பேனாவால் திருத்தித் தந்தார். பிழையான ஆங்கிலத்தைத் திருத்தலாம். எவருடையது என்று தெரியாத ஆங்கிலத்தை அவரால் திருத்த முடிந்திருக்கவில்லை. "தமிழில யோசிச்சா ஆங்கிலம் வராது" என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த வகுப்புக்காரர்களோடு நான் இந்த விடயத்தில் உடன்படவில்லை.

பந்தி அமைப்பிலும் ஒரு பழக்கத்தை மாற்றவேண்டியிருந்தது. பாடசாலைக் கட்டுரையில் தெரிந்ததெல்லாம் ஒரே பந்திக்குள் வந்துவிடும். இங்கே ஒரு பந்திக்கு ஒரு கூற்று. அது முதல் வசனத்தில் வரவேண்டும். அடுத்துவரும் வசனங்கள் அதற்கான ஆதாரத்தைத் தரவேண்டும். முடிவில் அந்த ஆதாரம் என் கேள்விக்கு என்ன சொல்கிறது என்று நானே சொல்லவேண்டும். இந்தக் கடைசி வசனத்தைத்தான் மேற்பார்வையாளர் என் குரல் என்றார். அறிமுகத்துக்கு, மொழியியலாளர் ஜோன் சுவேல்ஸ் 1990இல் விவரித்த மூன்று நகர்வுகள் எனக்கு உதவின: இந்த விடயம் ஏன் முக்கியம் என்று காட்டுவது, இதுவரை செய்யப்படாதது எது என்று காட்டுவது, அந்த இடைவெளியில் நான் எதைச் செய்கிறேன் என்று சொல்வது. என் துறையில் நல்ல கட்டுரைகள் சிலவற்றை எடுத்து, அறிமுகத்தின் ஒவ்வொரு வசனமும் இந்த மூன்றில் எதைச் செய்கிறது என்று ஓரத்தில் குறித்துப் பார்த்தேன். ஒரு வகுப்பும் தராத பயிற்சி அது, செலவும் இல்லை. "காரணம்" என்று எழுதுவதற்கும் "தொடர்பு காணப்படுகிறது" என்று எழுதுவதற்கும் இடையிலுள்ள தூரம் எவ்வளவு என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் அளந்தது கிணற்று நீரை; நோயாளிகளை நான் பரிசோதிக்கவே இல்லை.

மூலங்களைத் தேடுவதிலும் வைத்திருப்பதிலும் வீணான நேரம் கொஞ்சமில்லை. கட்டுரை ஒன்றைத் திறக்கக் காசு கேட்டால் உடனே விட்டுவிடாமல், கூகிள் ஸ்கொலரில் அதன் எல்லாப் பதிப்புகளையும் காட்டும் இணைப்பை அழுத்திப் பாருங்கள். ஆசிரியர் தாமே இலவசமாக ஏற்றிவைத்த பிரதி பல தடவை கிடைக்கும். அதே பக்கத்தில், அந்தக் கட்டுரையைப் பின்னர் மேற்கோள் காட்டியவர்களின் பட்டியலும் இருக்கிறது. பழைய கட்டுரை ஒன்றிலிருந்து புதியவற்றுக்கு வர அதுவே குறுக்குவழி. இலங்கையின் ஆய்விதழ்கள் பலவற்றைத் தேசிய விஞ்ஞான மன்றத்தின் ஆதரவிலுள்ள இலங்கை ஆய்விதழ்த் தளத்தில் இலவசமாக வாசிக்கலாம். தமிழிலுள்ள பழைய நூல்களுக்கும் பிரதேச மலர்களுக்கும் நூலகம் என்ற எண்ணிம நூலகம் இருக்கிறது. 2005இல் தொடங்கப்பட்ட அந்தத் தளத்தில் வன்னியைப் பற்றிய பிரசுரங்கள் வேறெங்கும் கிடைக்காத அளவுக்கு இருக்கின்றன. உசாத்துணைகளைக் கையால் தட்டச்சுச் செய்யவேண்டாம். சொட்டேரோ என்ற இலவச மென்பொருளை முதலாம் ஆண்டிலேயே நிறுவிக்கொள்ளுங்கள். சமர்ப்பிப்பதற்கு முந்திய இரவில் நிறுத்தற்குறிகளைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும் துன்பம் இராது. கட்டுரைகளை நூலக வைபையில் இறக்கி, ஊருக்கு வரும்போது கொண்டுவந்துவிட்டால் டேட்டாச் செலவும் குறையும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைப் பற்றி என்னிடம் பிள்ளைகள் இப்போது நிறையக் கேட்கிறார்கள். விளங்காத வசனமொன்றை எளிமையாக விளக்கச் சொல்லவும், நீங்கள் எழுதிய பந்தியின் இலக்கணத்தைப் பார்க்கச் சொல்லவும் அவை பயன்படும். உங்கள் பல்கலைக்கழகம் அதை எந்த அளவுக்கு அனுமதிக்கிறது என்று முதலில் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உசாத்துணைகளை மட்டும் அவற்றிடம் கேட்கவேண்டாம். இல்லாத கட்டுரைக்கு இருக்கும் ஆசிரியரின் பெயரைப் போட்டு, ஆண்டும் பக்க எண்ணும் சேர்த்து அவை தரக்கூடும். ஒவ்வொரு கட்டுரையையும் நீங்களே திறந்து பார்த்த பின்னரே பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மேற்பார்வையாளரிடம் எப்போது போகவேண்டும் என்பதும் எங்களுக்குத் தெரியாத ஒன்று. முழு அத்தியாயமும் முடிந்து, பிழையில்லாமல் அச்சிட்ட பின்னர்தான் காட்டவேண்டும் என்று மரியாதையின் பெயரால் நாங்கள் ஒதுங்கியிருந்தோம். ஒரு பந்தியைக் கொண்டுபோய், "சேர், இந்தக் கூற்றுக்கு இந்த ஆதாரம் போதுமா?" என்று கேட்டால் அவர் பத்து நிமிடத்தில் பதில் சொல்லிவிடுவார், "சேர், எப்படி இருக்கு?" என்று எண்பது பக்கங்களை நீட்டினால் எவராலும் பயனுள்ள பதில் சொல்ல முடியாது. இரண்டாம் முறை நான் ஒவ்வொரு சில பக்கங்களுக்கும் போய்க் கேட்டேன். அவர் ஒருமுறையாவது சலித்துக்கொண்டதாக நினைவில்லை.

வவுனியா வளாகம் 2021 ஆகஸ்ட் முதலாம் திகதி தொடக்கம் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் இயங்குகின்றன. எங்கள் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு இனி அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. எங்கே போனாலும், காத்திருக்கும் மாதங்களில் உங்கள் துறையைச் சேர்ந்த ஓர் எளிய கட்டுரையை வாரத்துக்கு ஒன்றாக எடுத்து, முதற்சுற்று வாசித்து, மூடிவைத்து, அரைப் பக்கம் தமிழில் எழுதுங்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் ஒருவர் எழுதியதை மற்றவர் கேட்டுக் கேள்வி எழுப்பலாம். முதல் மாதத்தில் ஆங்கிலத்தில் எழுதவே வேண்டாம். அதற்கும் மேலே ஓர் ஆங்கில வகுப்பில் சேர விரும்பினால், காசு கட்டுவதற்கு முன்னர் ஆசிரியரிடம் ஆய்வுக் கட்டுரையின் ஒரு பக்கத்தைக் கொடுத்து, இதை வாசிக்க எங்களுக்குப் பழக்குவீர்களா, நாங்கள் எழுதும் பந்திகளை வாராவாரம் திருத்தித் தருவீர்களா என்று கேளுங்கள். இரண்டுக்கும் ஓம் என்றால் சேருங்கள். இல்லையென்றால் அந்தக் காசில் ஒரு மேசைவிளக்கும் கொப்பிகளும் வாங்கி, மீதியை முதலாம் தவணை விடுதிச் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.